வந்தாறுமூலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு: ஒரு முழுநிலாப் போயா இரவில் கல்லடிப் பாலத்துக்கு வாருங்கள்

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம்.

அண்மையில் ஒருநாள் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் போனேன். ஏறாவூரில் ஒரு தங்கை இரண்டு பெரிய பைகளோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறுதிப் பரீட்சை முடிந்து, ஹொஸ்டல் அறையைக் காலிசெய்துவிட்டு, ஹட்டன் பக்கம் இருக்கும் தன் ஊருக்குத் திரும்புகிறாள். விடிவதற்குள் பொல்கஹவெலயில் இறங்கி மலையக ரயிலைப் பிடிக்க வேண்டும். நான்கு வருடம் இருந்தீர்களே, எங்கள் ஊர் பிடித்ததா என்று கேட்டேன்.

"அக்கா, உண்மையைச் சொன்னால் நான் உங்கட ஊரைப் பார்க்கவே இல்லை" என்றாள்.

பாசிக்குடாவுக்கு பட்ச் ட்ரிப்பில் ஒருமுறை போயிருக்கிறாள். ரயில் டிக்கெட் பதிவு செய்யவும் துணி வாங்கவும் டவுனுக்கு நாலைந்து தடவை வந்திருக்கிறாள். கல்லடிப் பாலத்தை, கல்முனைக்குப் போன ஒருநாள், பஸ் ஜன்னலால் பார்த்திருக்கிறாள். அந்தப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்டீர்களா என்றேன். "அது சும்மா கதைதானே அக்கா?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. தன் பையிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து எனக்கும் தந்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வெலிக்கந்தை கடந்து, பொலன்னறுவை கடந்து, கல்லோயாச் சந்தி வரைக்கும் அந்தக் கேள்வியே காதில் நின்றது. அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு வருடம் எங்கள் மண்ணில் இருந்த ஒரு பிள்ளையை, எங்களில் ஒருவர்கூடக் கையைப் பிடித்து அந்தப் பாலத்துக்குக் கூட்டிப்போகவில்லை. அதுதான் உறுத்தியது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இப்போதுதான் வருகிறீர்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. கல்லடியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச நேரம் நடந்தால் கடல், மேற்கே கொஞ்ச நேரம் நடந்தால் வாவி. வந்தாறுமூலையில் தமிழ் படித்தேன், இப்போது ஒரு பாடசாலையில் ஆசிரியர். நான்கு வருடம் தினமும் பஸ்ஸில் வந்துபோனவள் என்பதால் அந்தத் தங்கையின் நிலை எனக்கு நன்றாக விளங்குகிறது. வந்தாறுமூலையில் இறங்கினால் விரிவுரை, நூலகம், கன்டீன், ஹொஸ்டல். சாமான் வாங்க வேண்டுமென்றால் செங்கலடி. அதற்கு மேல் நகரத்துக்கு வர ஒரு காரணம் வேண்டும். வாசலிலேயே பஸ் நின்றாலும், பதினாறு கிலோமீற்றர் என்பது கூட்டிப்போக ஆள் இல்லாதவருக்கு நல்ல தூரம்.

உங்களைப் போன்றவர்களோடுதான் நான் வளர்ந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் எங்கள் கல்லடியில்தான் இருக்கிறது. சங்கீதமும் நடனமும் படிக்க வந்த அக்காமார் எங்கள் ஒழுங்கையில் போர்டிங் இருந்தார்கள். காலையில் கோயில் மணிக்கு முன்னால் சரளி வரிசை கேட்கும். அதைக் கேட்டு எழும்பித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு வருடம் பக்கத்து வீட்டில் வவுனியாவிலிருந்து ஒரு அக்கா இருந்தார். எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார், அவருக்கு நான் கடற்கரையில் சிப்பி பொறுக்கிக் கொடுப்பேன். படிப்பு முடிந்து போகும்போது அந்தச் சிப்பிகளை ஒரு பால்மா டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அப்போது நான் நினைத்தது, கம்பஸ் என்றால் வெளியூர் அக்காமார் வந்து, எங்கள் கடலில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகும் இடம் என்று. இப்போதும் அந்த நினைப்பில் பெரிய பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

நீங்கள் படிக்கப்போகும் இடத்தின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. வயதானவர்கள் இன்றும் தங்கள் பிள்ளைகளின் வயதை "சூறாவளிக்கு முன்னால், பின்னால்" என்றுதான் சொல்வார்கள். அது நடந்து மூன்று வருடம்கூட ஆகாத நேரத்தில், 1981 ஓகஸ்ட் முதலாம் தேதி, வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கூரை இழந்த வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ஊருக்குள்தான் அது வந்தது. அதனால் எங்கள் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். தங்கள் பிள்ளைகள் அங்கே போகாவிட்டாலும் அந்தப் பெருமை இருக்கும்.

சரி, ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

மட்டக்களப்பைக் கடற்கரை நகரம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எங்களை வளர்த்தது வாவி. ஊர்ப் பெயரிலேயே களப்பு இருக்கிறது பாருங்கள். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பேச்சில் நாங்கள் அதை வாவி என்றுகூடச் சொல்வதில்லை, "ஆறு" என்போம். பழைய நகரமான புளியந்தீவு இந்த ஆற்றுக்குள் இருக்கும் ஒரு தீவு. வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழும் பக்கமும் படும் பக்கமும்தான் எங்களுக்கு முகவரி. எழுவான்கரையில் கடலும் கடைத்தெருவும் நெருக்கமான வீடுகளும். படுவான்கரையில் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல், மாடு, எருமை. சட்டியில் உறைந்த எருமைத் தயிர் அங்கிருந்துதான் வரும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அதைச் சாப்பிடாமல் நீங்கள் பட்டம் வாங்கிவிடக் கூடாது.

இரண்டு கரைக்கும் இடையே நான் சின்னவளாக இருந்தபோது 'பாதை'யில் போவோம். பாதை என்றால் இங்கே மிதவைப் படகு. சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, சீருடைப் பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறும். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைக்கு அப்படித்தான் போனோம். தான்தோன்றீஸ்வரர் தேருக்கு அம்மம்மாவோடு போகும்போது, பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விடுவேன். அம்மம்மா ஒவ்வொரு முறையும் திட்டுவார், ஒவ்வொரு முறையும் கல் நந்தி புல்லுத் தின்ற கதையைச் சொல்வார். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் பாதையில் போயிருக்கிறேன். மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அங்கே போய் நின்று பாருங்கள். ஒரு மந்திரமும் காதில் விழாத பூசை அது. நான் முதல்முறை பார்த்தபோது மூச்சு விடக்கூடப் பயந்தேன்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் முகத்துவாரம் இருக்கிறது, பாலமீன்மடுவில். 1913இல் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. எல்லோரும் வெளிச்சவீட்டோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் கொஞ்சம் தாமதித்து முகத்துவாரத்தைப் பாருங்கள். வெயில் காலத்தில் மணல் வந்து வாயை அடைத்துவிடும். மாரி மழைக்கு வயல் வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கி, தண்ணீர் ஏறி ஏறி, கரையோர வீடுகளின் படிக்கு வரும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் ஆண்டுதோறும் வாக்குவாதம். வயல்காரருக்குப் பயிர் அழுகுவதற்கு முன்னால் வெள்ளம் வடிய வேண்டும். மீன்காரருக்கு வாவியிலே வளர்ந்த இறாலும் மீனும் கடலோடு போய்விடக் கூடாது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விவசாய பீடத்துக்கும் விஞ்ஞான பீடத்துக்கும் வருகிறவர்களே, உங்கள் பாடப்புத்தகம் இங்கே மண்வெட்டியும் கையுமாக நிற்கிறது. வந்து அந்த இரண்டு தரப்போடும் ஒருநாள் இருந்து பேசுங்கள்.

பாசிக்குடாவைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்களை எப்படியும் அங்கே கூட்டிப்போவார்கள். வாழைச்சேனையில் இறங்கிப் போவது வளாகத்திலிருந்து சுலபமும்கூட. இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம், குளம்போலக் கிடக்கும் கடல். ஆனால் அந்தப் பழக்கத்தில் கல்லடிக் கடலில் இறங்கிவிடாதீர்கள். இங்கே கரையிலேயே ஆழம் வரும், சுழி இழுக்கும், வாடைக் காற்று நாட்களில் அலை ஆளை அடித்துப் புரட்டும். கல்லடியில் கடலைப் பார்க்கலாம், கரைவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடிக்கலாம், கச்சான் வாங்கித் தின்னலாம். குளிக்க வேண்டாம். இதை ஒரு அக்காவின் கட்டளையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையையும் பாருங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அது வெகுகாலம் கச்சேரிதான், அதாவது மாவட்டச் செயலகம். அம்மா ஏதோ பத்திரத்துக்காக வரிசையில் நிற்க, நான் பீரங்கியில் ஏறி உட்கார்ந்திருப்பேன்.

இனிப் பாடும் மீன். இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

2004ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயது. வெயில் காலம், காற்றில்லாத ஒரு போயா இரவு. அப்பா என்னைத் தூக்கத்தில் எழுப்பி, சைக்கிளின் முன்பாரில் உட்காரவைத்து, கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். அப்போது பழைய இரும்புப் பாலம் மட்டும்தான். 1924இல் திறந்தது. அன்றைய தேசாதிபதி மானிங்கின் மனைவி பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள், நாங்கள் கல்லடிப் பாலம் என்றே சொல்வோம். பாலத்துக்குக் கீழே எங்கள் அயல்வீட்டு மாமா தோணியோடு காத்திருந்தார். நடு ஆற்றுக்குப் போனதும் துடுப்பை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியை என் காதில் வைத்தார். "மூச்சை அடக்கிக் கேள் மகள்" என்றார்.

முதலில் ஒன்றுமில்லை. என் காதுக்குள் என் இரத்தம் ஓடும் சத்தம்தான். மாமா அவசரப்படவில்லை. பிறகு வந்தது. கிணற்றுக்குள் தலையை விட்டு ஒருவர் வாயை மூடிக்கொண்டு முனகினால் மேலே எப்படிக் கேட்கும், அப்படி ஒரு ஒலி. நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதைவிட மெல்லியது. அப்புறம் இரண்டும் சேர்ந்து. துடுப்பின் மரம் முழுக்க நடுங்குவதுபோல இருந்தது. நான் அழுதேன் என்று அப்பா சொல்வார். எனக்கு அது நினைவில்லை. நிலவில் மாமாவின் பல் தெரிய அவர் சிரித்தது நினைவிருக்கிறது.

இது கதையல்ல என்று அந்த ரயில் தங்கைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவள் தூங்கிவிட்டாள். உங்களுக்குச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டிலேயே, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்த ஒலியை இங்கே வந்து கேட்டு எழுதிவைத்திருக்கிறார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியிலிருந்த லாங் அடிகளார் என்ற இயேசுசபைக் குரு அதை ஒலிப்பதிவு செய்தார். ஒலி எழுப்புவது மீனா, ஊரியா என்று இன்றுவரை யாரும் ஐயமறச் சொல்லவில்லை. ஊரி என்பது சேற்றில் ஊர்கிற ஒரு நத்தையினம். எங்கள் பழைய ஆட்கள் பலர் ஊரிதான் பாடுகிறது என்பார்கள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, மழையில்லாத மாதங்களில், நிலவு நிறைந்த இரவில், காற்று படுத்தபிறகு கேட்கும். மாரியில் தண்ணீர் கலங்கிப் புரளும்போது கேட்பதில்லை.

எங்கள் விபுலாநந்த அடிகளாரும் இதைக் கேட்டவர். 1892இல் காரைதீவில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பழந்தமிழரின் யாழ் எப்படி இருந்தது, அதில் என்ன சுரம் எழுந்தது என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து யாழ் நூல் எழுதி, அது வெளிவந்த 1947ஆம் ஆண்டே மறைந்தவர். கல்லடி வாவியில் எழும் ஒலியை நீரரமகளிர் பாடுவதாகக் கண்டு கவிதையும் எழுதினார். விஞ்ஞானம் கற்பித்த ஒரு மனிதர் நிலவில் தோணி ஏறிப் போய், தண்ணீருக்குள் சுரம் தேடியிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவர் சமாதி கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் பக்கத்தில் இருக்கிறது. பாலத்திலிருந்து நடந்தே போகலாம்.

அந்த இரவுக்குச் சில மாதம் கழித்து, அதே வருடம் டிசம்பர் 26இல், கடல் வந்தது. அன்றும் போயா. ஞாயிற்றுக்கிழமை காலை. நாவலடியும் டச்பாரும் கல்லடிக் கடற்கரையும் இருந்த இடம் தெரியவில்லை. நாங்கள் வாவிப் பக்கம் ஓடித் தப்பினோம். தோணி மாமா வலை பார்க்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். திரும்பி வரவில்லை. கரையோரத்துத் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அன்று சாய்ந்தது, விழவில்லை. நான் பாடசாலை போய்வந்த காலமெல்லாம் அது சாய்ந்தபடியே நின்றது. வெளியூரார் அதன் முன் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அதைப் பார்க்கும்போது யார் யாரெல்லாமோ நினைவுக்கு வருவார்கள். நீங்கள் கல்லடிக் கடற்கரையில் நிற்கும்போது சத்தம் போட்டுச் சிரியுங்கள், ஓடியாடுங்கள், அது உங்கள் வயது. அந்த மணலில் என்ன நடந்தது என்பதும் மனதில் ஒரு ஓரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990இல் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. அந்த செப்டெம்பர் 5ஆம் தேதி அங்கிருந்து 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், ஓகஸ்ட் 3ஆம் தேதி இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீங்கள் பட்டப்படிப்பு படிக்கப்போவது அந்த வளாகத்து மரங்களுக்குக் கீழேதான். பேரீச்ச மரம் வரிசையாக நிற்கும் காத்தான்குடி வீதியால்தான் கல்முனைக்குப் போவீர்கள். இந்த ஊரில் யாராவது ஒரு வயதான தாய் உங்களிடம் ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டினால், அவசரமாக எழும்பிவிடாதீர்கள்.

கடல் வந்த அந்த 2004க்குப் பிறகு நான் பல காலம் பாலத்துக்கு இரவில் போகவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்தது, வாகனங்கள் அதில் ஓடத் தொடங்கின, நானும் அதில்தான் போய்வந்தேன். என்னைத் திரும்பக் கூட்டிப்போனது யார் தெரியுமா? உங்களைப் போல வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி. கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, மன்னாரிலிருந்து வந்த என் தோழி, "மீன் பாடும் ஊர் என்கிறீர்களே, எனக்குக் கேட்கவை" என்று பிடித்த பிடியில் நின்றாள். ஒரு ஆனிப் போயாவில் எங்கள் வீட்டில் தங்கவைத்து, அப்பாவோடு பழைய பாலத்துக்குப் போனோம். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் கேட்டோம். அவர் தன் தோணியையும் துடுப்பையும் தந்தார். "என்ட வாப்பா செய்வார் இப்படி. நான் இருபது வருசமாய்க் காது வைக்கல்ல" என்றார். அவள் கேட்டாள், அப்பா கேட்டார், நான் கேட்டேன், கடைசியில் அந்த அண்ணனும் காதை வைத்தார். நாங்கள் நாலு பேரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

அன்று எனக்கு விளங்கியதை இன்று உங்களிடம் ஒரு வேண்டுகோளாக எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு ஊர் பழகிப்போகும். நீங்கள் கேட்டால்தான் நாங்கள் எங்கள் அப்பாவிடம் போய்க் கேட்போம். நீங்கள் துடுப்புக்கு ஆசைப்பட்டால்தான் அந்த அண்ணனுக்குத் தன் வாப்பாவின் நினைவு வரும். பல்கலைக்கழகம் ஒரு ஊருக்குச் செய்யக்கூடியதில் இது சின்னது என்று நான் நினைக்கவில்லை. கூத்தைப் பாருங்கள். 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மாணவர்களைத் திரட்டி மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அதில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்து அந்த வேலையைத் தொடர்ந்தார். வட்டக்களரியில் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு விடியவிடிய ஆடியவர்களுக்கு, தங்கள் ஆட்டம் எவ்வளவு பெரியது என்று திரும்பச் சொல்லிக்காட்டியது பல்கலைக்கழகம். வேளாண்மை வெட்டு முடிந்த மாதங்களில் கன்னன்குடாப் பக்கம் கூத்து அரங்கேறுகிறதா என்று விசாரியுங்கள். வடமோடி, தென்மோடி என்று கூத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு போர்வை கொண்டுபோங்கள், பனி கொட்டும். வைகாசியில் கண்ணகி கோயில்களில் கதவு திறக்கும், குளிர்த்திச் சடங்கு நடக்கும், கண்ணகி வழக்குரை பாடுவார்கள். தமிழ் படிக்க வருகிறவர்கள் சிலப்பதிகாரத்தை விரிவுரையில் மட்டும் கேட்டுவிட்டுப் போனால் எனக்கு மனம் ஆறாது.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்கிறேன். போர்டிங் வாடகையைத் தவிர உங்களைப் பற்றி வேறு எதுவும் கேட்காத வீடுகள் எங்களிடம் இருக்கின்றன. பேச்சை வைத்து வெளியூர் என்று கண்டு ஓட்டோவுக்குக் கூடுதலாகக் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடற்கரையில் சாப்பிட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கை அங்கேயே விடுவதும், போயா இரவில் ஸ்பீக்கர் வைத்து அலறவிடுவதும் பெரும்பாலும் நாங்கள்தான். துடுப்பில் காது வைத்தாலும் அந்த அலறல் தண்ணீருக்குள் இறங்கிவரும். என் மாணவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வந்து எங்களோடு சேர்ந்து சொன்னால் இன்னும் பலமாக இருக்கும். விஞ்ஞான பீடத்திலிருந்து யாராவது ஒருவர் தண்ணீருக்குள் இறக்கும் ஒலிவாங்கியோடு ஒரு வருடம் முழுக்க அந்தப் பாலத்தடியில் பதிவு செய்தால், மீனா ஊரியா என்று எங்கள் அப்பாமார் உயிரோடு இருக்கும்போதே ஒரு விடை கிடைக்கும். இது என் நெடுநாள் ஆசை.

மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றால் உங்கள் ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள், "கவனம், அங்கே பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று. வந்தவர்கள் எழும்பிப் போக மனம் வராமல் இங்கேயே கலியாணம் கட்டித் தங்கிவிட்டதால் வந்த பேச்சு அது. மந்திரம் என்றார்கள். உட்கார் என்று பாயை விரித்து, முன்னால் சோற்றை வைத்து, ஊர்க் கதை கேட்டால் யாருக்குத்தான் எழும்ப மனம் வரும்? அந்தப் பேர் எங்களுக்கு இருந்தது. அந்தத் தங்கை நான்கு வருடம் இருந்துவிட்டு ஒட்டாமல் போய்விட்டாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகையால் தம்பி தங்கைகளே, மாரி தொடங்குவதற்கு முன்னால் வரும் ஏதாவது ஒரு போயா நாளைத் தெரிவுசெய்யுங்கள். ஹொஸ்டலில் முன்கூட்டியே அனுமதி எடுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள், தனியாக வராமல் நாலைந்து பேராக வாருங்கள். பின்னேரம் வந்தாறுமூலையில் பஸ் ஏறினால் கொம்மாதுறை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை தாண்டி டவுன். அங்கே கல்முனை பஸ்ஸுக்கு மாறி, பாலம் தாண்டியதும் இறங்குங்கள். பழைய பாலத்தின் கல்லடிப் பக்கத்தில் நானும் அப்பாவும் நிற்போம். துடுப்பு எங்களிடம் இருக்கிறது. கேட்டு முடிய நடுச்சாமம் ஆகும், திரும்பிப் போக பஸ் இருக்காது. அம்மா புட்டும் இறால் குழம்பும் வைத்திருப்பார். காலையில் தயிர். எங்கள் விறாந்தையில் ஆறு பேருக்குப் பாய் விரிக்க இடம் இருக்கிறது.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் அக்கா